முதலில் யாரைப் பார்ப்பது: என்கிளெக்ஸ் வினாக்களும் செவிலியரின் தீர்மானமும்

காலை ஏழு மணி. இரவு டியூட்டி முடித்தவர் நான்கு நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். முதலாமவருக்கு வயிற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். வலி பத்துக்கு ஏழு என்கிறார். இரண்டாமவர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி. மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் போகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90%. மூன்றாமவருக்கு நேற்று தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்திருக்கிறார்கள். வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பாக இருக்கிறது என்கிறார். நான்காமவருக்கு ரத்தச் சர்க்கரை 240. காலை இன்சுலின் இன்னும் போடவில்லை. முதலில் யாரிடம் போவது?

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்ற விரும்பும் ஒவ்வொருவரும் எழுதியாக வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வின் வினாக்கள் இந்தச் சாயலில்தான் இருக்கும். மேலே உள்ளது அந்தத் தேர்வில் வந்ததன்று. அதன் போக்கைக் காட்ட நான் அமைத்தது. நான்கு நோயாளிகளுக்கும் கவனிப்பு தேவை. நான்கு பேரிடமும் போகத்தான் போகிறோம். யாரைப் பத்து நிமிடம் காக்க வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பலர் இரண்டாமவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை மனத்தில் பதிந்திருக்கும். 90% என்ற எண் கண்ணை இழுக்கும். ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92% வரைதான் மருத்துவர்களே வைக்கும் இலக்கு. அவர் இன்று இருக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறார். ஆபத்து, மூன்றாமவரின் விரல் நுனியில் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகளுக்கு அறுவையின்போது ரத்த ஓட்டம் குலைந்தாலோ, அவையும் சேர்ந்து வெளியே வந்துவிட்டாலோ, ரத்தத்தில் கால்சியம் இறங்கும். கால்சியம் இறங்கினால் நரம்புகள் சிறு தூண்டுதலுக்கும் துடிக்கத் தொடங்கும். மரமரப்பு அதன் முதல் அறிகுறி. அடுத்து கை மணிக்கட்டு இழுத்துக்கொள்ளும். அதற்கும் அடுத்து குரல்வளைத் தசைகள் இறுகி மூச்சுப்பாதையே அடைபடலாம். மூச்சுப்பாதையைக் காப்பதே முதல் வேலை என்ற விதி சரிதான். அந்த விதி இங்கே சுட்டுவது, மூச்சைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத நோயாளியை.

இந்த வினாவைச் செய்து முடித்தவர் விடை மூன்று என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனால், அவருக்குக் கிடைத்தது ஒரு மதிப்பெண் மட்டுமே. நான் முன்வைக்க விரும்பும் வழி வேறு. வினாவில் ஒரே ஒரு விவரத்தை மாற்றி, விடையும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நுரையீரல் நோயாளியின் ஆக்சிஜன் அதே 90% இருக்கட்டும். ஆனால் நேற்று நன்றாகப் பேசியவர் இன்று எழுப்பினாலும் கண் திறக்காமல் மயங்கிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு தேங்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது மூன்றாமவரோடு இவரும் போட்டிக்கு வந்துவிடுகிறார். முதலாமவரின் வலி ஏழு என்பதோடு வயிறு பலகைபோல் விறைத்திருக்கிறது என்று சேர்த்தால், அவரும் சாதாரண வலிக்காரர் இல்லை. எந்த விவரம் விடையைத் திருப்புகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வினா புரிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட வினாக்களைக் கேட்கும் தேர்வு எப்படி உருவானது என்பதையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் செவிலியர் பதிவுக்கான முதல் சட்டம் 1903-இல் வட கரோலினாவில் வந்தது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் தேர்வு வைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944-இல், மாநிலங்கள் வினாக்களைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தொடங்கியது. 1978-இல் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் உருவாயிற்று; 1982-இல் தேர்வு என்கிளெக்ஸ் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. பென்சிலும் தாளுமாக இரண்டு நாள் எழுதிய தேர்வு, 1994 ஏப்ரலில் கணினிக்கு மாறியது. 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும், 2020 முதல் வெளிநாட்டில் படித்து வருவோருக்காக ஆஸ்திரேலியாவும் இதையே ஏற்றன. சென்னையிலேயே இதை எழுதலாம். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோர் அதற்கு மேல் 150 டாலர் கட்ட வேண்டும். நம் ஊர் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை இல்லை.

தமிழ்நாட்டில் படித்தவருக்கு இந்தத் தேர்வு அந்நியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. இங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். தனியாக உரிமத் தேர்வு கிடையாது. கல்லூரித் தேர்வுகளோ, ஒரு நோயை வரையறு, காரணங்களை எழுது, அறிகுறிகளைக் கூறு, செவிலியர் பராமரிப்பை விளக்கு என்று கேட்பவை. அப்படி எழுதிப் பழகியவர்களிடம் அறிவு குறைவு என்று சொல்ல முடியாது. வேலூரிலும் சென்னையிலும் மதுரையிலும் படித்து உலகெங்கும் வார்டுகளைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள். ஆனால் ஒரு நோய்க்குப் பன்னிரண்டு பராமரிப்பு முறைகள் இருந்தால், அவை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவது ஒரு திறன். அந்தப் பன்னிரண்டில் இந்த நிமிடம் எதைச் செய்வது என்று ஒன்றைப் பிரித்தெடுப்பது வேறொரு திறன். அமெரிக்காவில் படித்து முதல்முறை எழுதுவோரில் 2022-இல் சுமார் 80 விழுக்காட்டினரும் 2023-இல் அதைவிடக் கூடுதலானோரும் தேர்ச்சி பெற்றார்கள். வெளிநாடுகளில் படித்து முதல்முறை எழுதுவோரின் தேர்ச்சி பாதியை ஒட்டியே நிற்கிறது. மொழி, படித்து முடித்தபின் கடந்துபோன ஆண்டுகள், மருத்துவமனை வழக்கங்களின் வேறுபாடு என்று இதற்குப் பல காரணங்கள் சேர்கின்றன. இரண்டாவது திறனைக் கல்லூரியில் பயிற்றுவிக்காமல் விட்டதும் அவற்றில் ஒன்று என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தேர்வை நடத்தும் கணினியின் போக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய வதந்திகள் பயிற்சியையே கெடுக்கின்றன. டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட அளவீட்டு முறையே இதன் அடிப்படை. வினாவின் கடினத்தையும் எழுதுபவரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைக்கும் முறை அது. ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கணினி எழுதுபவரின் திறனைப் புதிதாகக் கணக்கிட்டு, அவர் சரியாகச் சொல்வதற்கும் தவறுவதற்கும் ஏறத்தாழச் சமவாய்ப்பு உள்ள வினாவை அடுத்து எடுத்து வைக்கிறது. திறமைசாலிக்கு வினாக்கள் கடினமாகிக்கொண்டே போகும். அதனால் தேறுகிறவரும் பாதி வினாக்களில் தடுமாறிய உணர்வோடுதான் வெளியே வருகிறார். குறைந்தது 85, அதிகம் 150 வினாக்கள். ஐந்து மணி நேரம். விட்டுவந்த வினாவுக்குத் திரும்பிப் போக முடியாது. எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறார் அல்லது கீழே இருக்கிறார் என்று 95% உறுதி கிடைத்ததும் கணினி நின்றுவிடும். 85-இல் நின்றால் தேர்ச்சி, 150 வரை போனால் தோல்வி என்பது வெறும் கட்டுக்கதை. 85-இல் நிற்பது தோல்வியின் உறுதியாகவும் இருக்கலாம். அந்த 85-இலும் 15 வினாக்கள் மதிப்பெண் இல்லாதவை. எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அந்தப் பதினைந்து என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் பயிற்சி செய்யும்போது எண்பது விழுக்காடு, தொண்ணூறு விழுக்காடு என்று மதிப்பெண்ணைத் துரத்துவது இந்தத் தேர்வின் இயல்போடு ஒட்டாது. எளிய வினாக்களில் எடுத்த தொண்ணூறு எதையும் சொல்வதில்லை. அரைகுறையாகத் தெரிந்த இடத்தில் நின்று யோசிப்பதைத்தான் பயில வேண்டும்.

அந்த இடத்தில்தான் பயிற்சி வகுப்புகள் தரும் குறுக்குவிதிகள் காலை வாரும். மூச்சுப்பாதை முதலில், உடல் தேவை மனத் தேவைக்கு முன்பு, நிலையற்றவர் நிலையானவருக்கு முன்பு, செயல்படுவதற்கு முன் மதிப்பீடு செய். இந்த விதிகள் எல்லாமே உண்மையானவை. ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய தேவைகளின் படிநிலையும் அறுபதுகளில் வடிவம் பெற்ற செவிலியப் பராமரிப்பின் படிகளும் இவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் இவை வினாவைப் படித்து முடித்தபின் உதவிக்கு வர வேண்டியவை. படிக்காமலே விடை எடுக்க உதவுபவை இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆகிறது. நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பில் வலி. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல்வெப்பம் பார்ப்பது, மருத்துவரை அழைப்பது, பாராசிட்டமால் கொடுப்பது, ரத்தம் ஏறுவதை நிறுத்துவது. முதலில் மதிப்பீடு என்ற விதியைப் பிடித்துக்கொண்டவர் ரத்த அழுத்தக் கருவியைத் தேடிப் போவார். அதற்குள் பொருந்தாத ரத்தம் இன்னும் சில மில்லிலிட்டர் உள்ளே போயிருக்கும். மதிப்பீட்டை வினாவே செய்து கொடுத்துவிட்டது: நடுக்கமும் இடுப்பு வலியும், சிவப்பணுக்கள் உடைவதைச் சந்தேகிக்கப் போதும். முதலில் நிறுத்த வேண்டும். பிறகு புதிய குழாய் போட்டு நார்மல் சலைன் ஓட விட வேண்டும். பழைய குழாய் வழியே சலைனை விட்டால் அதில் தங்கியிருக்கும் ரத்தமும் சேர்ந்தே உள்ளே போகும். அதன்பின் நாடி, அழுத்தம், மருத்துவர், ரத்த வங்கி.

இதிலும் ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள். ரத்தம் எதுவும் ஏறவில்லை. அறுவை முடிந்து வந்தவருக்குக் குளிர் நடுக்கம் மட்டும். இப்போது நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. காரணம் தெரியாத நிலையில் மதிப்பீடுதான் முதல் வேலை. விதி அதேதான், அது பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பயிற்சி வினாக்கள் ஏன் பயன் தருகின்றன என்பதற்கு நினைவாற்றல் ஆய்வில் வலுவான சான்று இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 56 விழுக்காடும், திரும்பப் படித்தவர்கள் சுமார் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். மஞ்சள் மை தடவிக்கொண்டே புத்தகத்தை மூன்றாம் முறை புரட்டுபவருக்கு வரும் நிறைவு, ஐந்தாவது நிமிடத்தின் நிறைவுதான்.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது நினைவை. என்கிளெக்ஸுக்கு நினைவோடு தீர்மானமும் வேண்டும். சாண்டர்ஸ் புத்தகமோ யூவேர்ல்ட் வினா வங்கியோ, எதுவானாலும் ஒவ்வொரு வினாவுக்கும் கீழே விளக்கம் தருகின்றன. மாணவர்கள் அதை ரேஷனேல் என்கிறார்கள். பெரும்பாலோர் தாம் தவறவிட்ட வினாக்களுக்கு மட்டும் அதைப் படிக்கிறார்கள். சரியாகப் போட்ட வினாக்களுக்கு அது இன்னும் அவசியம், ஏனென்றால் தவறான காரணத்தால் சரியான விடைக்கு வந்து சேர்ந்தது அங்கேதான் அம்பலமாகும். ஒரே நாளில் நூற்றைம்பது வினாக்களை ஓட்டுவதைவிட, நாற்பது வினாக்களை எடுத்துக்கொண்டு விளக்கத்தைத் திறப்பதற்கு முன் நான்கு விடைகளுக்கும் எதிரே ஒவ்வொரு வரி காரணம் எழுதிப் பார்ப்பது மேல். தள்ளிய மூன்றுக்கும் காரணம் சொல்ல முடியாவிட்டால், எடுத்த ஒன்று ஊகம்தான்.

நம் ஊர்ச் செவிலியர்கள் அறிவுக் குறைவால் அன்றி, வார்டு வழக்கத்தால் சறுக்கும் இடங்களும் உண்டு. வேலைப் பகிர்வு வினாக்கள் அவற்றில் முதன்மையானவை. அமெரிக்க வார்டில் பதிவுபெற்ற செவிலியர், அவருக்குக் கீழே வேறொரு உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், உரிமம் இல்லாத உதவியாளர் என்று மூன்று அடுக்கு. யாருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது தேர்வில் கணிசமான பங்கைப் பிடிக்கும் பராமரிப்பு மேலாண்மைப் பகுதியில் வரும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் நோயாளிக்குச் சோறு ஊட்டுவதும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவதும், ரிப்போர்ட் வாங்கி வருவதும் கூட இருக்கும் மகளோ மருமகளோ அண்ணன் மகனோதான். அட்டெண்டர் என்றாலே உறவினர் என்ற பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, உதவியாளரிடம் எந்த வேலையை விடலாம் என்பதற்கு மனத்தில் ஒரு சித்திரமே இருக்காது. கடைப்பிடிக்க வேண்டிய கோடு தெளிவானது: மதிப்பிடுதல், கற்பித்தல், முடிவெடுத்தல் மூன்றும் பதிவுபெற்ற செவிலியரிடமே இருக்க வேண்டும், நிலைமை சீராக உள்ளவருக்குச் செய்யும் வழக்கமான வேலைகளை உதவியாளரிடம் விடலாம். அறுவை முடிந்து மூன்று நாளாக நடமாடிக்கொண்டிருப்பவரை நடக்க வைப்பது உதவியாளர் வேலை. அதே நோயாளி அறுவைக்குப் பின் முதல்முறையாகக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கிறார் என்று வினா சொன்னால், செவிலியரே பக்கத்தில் நிற்க வேண்டும். தலைசுற்றி விழுவாரா, ரத்த அழுத்தம் சரியுமா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. பக்கவாதம் வந்தவருக்கு முதல் கவளம் ஊட்டுவதும் அப்படியே.

இன்னொன்று பேச்சு. நாளைக்கு மார்பகம் அகற்றும் அறுவைக்குக் காத்திருக்கும் பெண், "ஆபரேஷன் முடிஞ்சதும் எங்க வீட்டுக்காரர் என்னை எப்படிப் பார்ப்பாரோ, சிஸ்டர்" என்கிறார். நம் வார்டில் கிடைக்கும் பதில் அநேகமாக இது: "ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் நல்லபடியா முடியும்." கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லும் செவிலியரின் பரிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேர்வில் இது தவறான விடை. காரணம் இருக்கிறது: அந்தப் பெண் அதற்கு மேல் பேச மாட்டார். அவர் கேட்டது அறுவை நல்லபடியாக முடியுமா என்பதை இல்லை. "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்பதும் தவறு, ஏன் என்ற கேள்விக்கு மனிதர் சமாதானம் சொல்லத் தொடங்குவார். "வீட்டுக்காரர் எப்படி எடுத்துக்குவாரோன்னு மனசு அடிச்சுக்குது போல. என்ன தோணுதுன்னு சொல்லுங்கம்மா" என்பது அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிக் கொடுத்து, மேலே பேச வழிவிடுகிறது. இப்போது ஒரு விவரத்தை மாற்றுங்கள். அதே பெண், "இதுக்கப்புறம் நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறார். இங்கே மென்மையாகச் சுற்றி வளைப்பது ஆபத்து. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பதே சரியான விடை. கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தவறு என்பதை மனநலப் பராமரிப்புத் துறை நெடுநாளாகச் சொல்லிவருகிறது.

இத்தனைக்கும் பிறகும், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா ஒருவரின் தீர்மானத்தை எவ்வளவு தூரம் அளக்கும் என்ற ஐயம் அமெரிக்காவிலேயே வலுத்தது. டோரதி டெல் புயனோ 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்று அங்கே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. புதிதாகப் பட்டம் பெற்று வரும் பதிவுபெற்ற செவிலியர்களில் 35 விழுக்காட்டினரே பணித் தொடக்கத்தில் எதிர்பார்க்கப்படும் தீர்மானத் திறனைக் காட்டினார்கள் என்றது அது. மறு ஆண்டு கிறிஸ்டின் டேனர், செவிலியரின் தீர்மானம் கவனித்தல், பொருள் காணல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்று நகர்வதை விளக்கும் மாதிரியை வெளியிட்டார். இத்தகைய சிந்தனைகளின் தொடர்ச்சியாக 2023 ஏப்ரல் 1 முதல் தேர்வின் வடிவம் மாறியது. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு வினாக்கள் அடுத்தடுத்து வரும் தொகுதிகள் நுழைந்தன. குறிப்புகளைக் காண்பது, அவற்றைப் பொருத்திப் பார்ப்பது, எது முதன்மையான சிக்கல் என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை உருவாக்குவது, செயலில் இறங்குவது, விளைவை மதிப்பிடுவது என்று ஆறு படிகளுக்கும் ஒவ்வொரு வினா.

ஒரு தொகுதியை நடத்திப் பார்ப்போம். 74 வயது அம்மாள். இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃபுரோசமைடும் தினமும் சாப்பிடுகிறார். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல். விளக்கைச் சுற்றி மஞ்சள் வட்டம் தெரிகிறது என்கிறார். நாடித்துடிப்பு 50, ஒழுங்கில்லை. ரத்த அழுத்தம் 108/64. பொட்டாசியம் 2.9, இருக்க வேண்டியது 3.5 முதல் 5.0 வரை. சர்க்கரை 132. பல வருட முழங்கால் வலி.

குறிப்புகளைக் காணும் படியில் முழங்கால் வலியும் சர்க்கரையும் விலகிவிடும். பசியின்மை, மஞ்சள் வட்டம், நாடி, பொட்டாசியம் நிற்கும். பொருத்திப் பார்க்கும் படியில் நோய்க்கூறியல் வேலை செய்ய வேண்டும். ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. டிகாக்சின் இதயத் தசையணுக்களில் ஒட்டும் அதே இடத்துக்காகப் பொட்டாசியமும் போட்டி போடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் பிடி இறுகும். அதனால் மருந்தின் ரத்த அளவு வழக்கமான எல்லைக்குள் இருந்தாலும் நஞ்சாகலாம். மூன்றாம் படியில் வயிற்றுக் கோளாறு, இதய நோய் முற்றுவது, டிகாக்சின் நச்சு என்ற மூன்றில் கடைசியானது முன்னுக்கு வருகிறது. மஞ்சள் வட்டத்தை வேறெதுவும் இவ்வளவு நன்றாக விளக்கவில்லை. தீர்வுகள்: மருந்தை நிறுத்தி வைத்தல், இசிஜி, டிகாக்சின் அளவு, மெக்னீசியம், சிறுநீரகச் செயல்பாடு, மருத்துவர் ஆணைப்படி பொட்டாசியம். அந்தப் பொட்டாசியத்தை ஊசியாக ஒரேயடியாகச் சிரையில் செலுத்தச் சொல்லும் விடை இருந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம்; இதயத்தையே நிறுத்திவிடும். செயலில் முதல் அடி, இன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் வைத்து, நோயாளியை இதயக் கண்காணிப்புக் கருவியில் இணைத்து, மருத்துவருக்குச் சொல்வது. கடைசிப் படியில் பசி திரும்பியதா, நாடி ஒழுங்கானதா, பொட்டாசியம் ஏறியதா என்று பார்ப்பது.

இந்தத் தொகுதியில் ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள். பொட்டாசியம் 2.9 இல்லை, 6.1. நோயாளி அதே அம்மாள், அறிகுறிகளும் அவையே. கடுமையான டிகாக்சின் நச்சில் பொட்டாசியம் அணுக்களுக்கு வெளியே தேங்கி ஏறுவது உண்டு. இப்போது பொட்டாசியம் கொடுப்பது என்ற தீர்வே கொலைக்குச் சமம். டிகாக்சினைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் மருந்தை நோக்கி மருத்துவக் குழு நகரும். டிகாக்சின் என்றால் பொட்டாசியம் என்று சூத்திரமாக மனப்பாடம் செய்தவர் அங்கே நோயாளியைக் காப்பாற்ற மாட்டார்.

மதிப்பெண் முறையும் மாறியிருக்கிறது. பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடு என்ற வினாவில் முன்பு ஒன்று தவறினாலும் மொத்தமும் போகும். இப்போது சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், சுழியத்துக்குக் கீழே போகாது. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றைத் தொடுவதற்கு விலை உண்டு. சில வினாக்களில் ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் சேர்த்தே நிரப்ப வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். காரணம் தெரியாத சரியான விடைக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. நான் இதுவரை சொல்லிவந்த பயிற்சி முறையைத் தேர்வே கேட்கத் தொடங்கிவிட்டது.

காரணத்தை விட்டு விடையை மட்டும் தேடினால் எங்கே போய் முடியும் என்பதற்கு பிலிப்பைன்ஸில் நடந்ததைப் பார்க்கலாம். செவிலியர்களை உலகுக்கு அனுப்புவதில் முன்னணியில் இருக்கும் நாடு அது. 2006 ஜூனில் நடந்த அவர்களுடைய தேசிய உரிமத் தேர்வில் இரண்டு தாள்களின் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, பயிற்சி மையங்களின் வழியாக மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது அம்பலமானது. எழுதியவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். வெளிநாட்டுச் செவிலியர்களின் தகுதியைச் சரிபார்த்து அமெரிக்க விசாவுக்கான சான்றளிக்கும், அப்போது சிஜிஎஃப்என்எஸ் என்று அறியப்பட்ட அமைப்பு, சம்பந்தப்பட்ட தாள்களை மீண்டும் எழுதாத அந்த ஜூன் தேர்வின் தேர்ச்சியாளர்களுக்குச் சான்று தர முடியாது என்று 2007-இல் அறிவித்தது. வினாத்தாளைக் கண்ணாலும் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் மறுபடியும் தேர்வெழுத நேர்ந்தது. கசிந்த வினாவும் நல்ல பயிற்சி வினாவும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதில் விடை முடிந்துபோன ஒன்று. பின்னதில் விடை இன்னும் திறந்தே இருக்கிறது. ஒரு விவரம் மாறினால் வேறாகும்.

தேறாதவர்கள் 45 நாள் கழித்து மறுபடியும் எழுதலாம். அவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பாடப்பகுதியிலும் தேர்ச்சி நிலைக்கு மேலே, அதை ஒட்டி, கீழே என்று மூன்றில் ஒன்றை மட்டும் அது சொல்லும். எந்த வினா தவறியது, ஏன் தவறியது என்று ஒருபோதும் சொல்லாது. அதனால் பயிற்சிக் காலத்திலேயே ஒரு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், விஷயமே தெரியவில்லையா, தெரிந்தும் வினாவில் ஒரு சொல்லை விட்டுவிட்டோமா, தெரிந்து படித்தும் வரிசையில் தவறினோமா என்று குறித்துவைக்க வேண்டும். தெரியாததற்குப் புத்தகம் போதும். விட்டுப்போனதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வகைதான் அனுபவம் உள்ள செவிலியர்களிடம் அதிகம். அதற்கு இன்னும் ஆயிரம் வினாக்கள் வாங்குவதில் பயனில்லை. தவறிய அதே வினாவை எடுத்து, நோயாளியின் வயதையோ ஓர் எண்ணையோ அறுவை முடிந்த நாளையோ மாற்றி எழுதி, இப்போது முதலில் என்ன செய்வேன், ஏன் என்று கூடப் படிக்கும் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.